கியூஎமுவில் என் முதல் பேட்ச்: கோடு 9 நாள், அனுப்பியது 4 மாதம்

கியூஎமு என்பது வேறொரு கம்ப்யூட்டரையும் அதன் சாதனங்களையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டும் எமுலேட்டர். அதற்கு நான் அனுப்பிய பேட்ச்சை, அதாவது கோடு (புரோகிராம் வரிகள்) மாற்றத்தை, போன வாரம்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மெயிலை இதுவரை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எமுலேட்டரில் ஒரு சின்னச் சாதனத்தைச் சேர்ப்பது எப்படி என்று தேடினால் கோடு பற்றி நிறையக் கிடைக்கிறது. என் நாட்களைத் தின்றது கோடு இல்லை.

மாமா ராமநாதபுரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் மீன் வாங்கி அனுப்புகிறார். அவருடைய ஐஸ் பெட்டிகளில் வெப்பநிலையைப் பதிந்துவைக்கச் சின்னதாக ஒரு லாகர் செய்து கொடுத்திருந்தேன். லினக்ஸ் ஓடும் ஒரு ஏஆர்எம் போர்டு, அதன் ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) எல்எம்75 வகை வெப்பநிலைச் சென்சார், அவ்வளவுதான். எங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் செம்பு தாங்காது. கனெக்டர் பச்சை பூத்து, ஒரு வருடத்தில் மூன்று சென்சார் போய்விட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பெட்டியெல்லாம் காலி, சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. சரி, சென்சாரையே கம்ப்யூட்டருக்குள் செய்துகொள்வோம் என்று கியூஎமுவைத் திறந்தேன்.

முதல் அடி குளோனிலேயே, அதாவது கிட் என்ற கருவியால் கோடை இறக்குவதிலேயே விழுந்தது. கியூஎமுவின் முழு வரலாறும் சில நூறு எம்பி. கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடியும் முதலிலிருந்து. எனக்கு ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. மூன்று இரவு, மூன்று முறையும் காற்றடித்து சிக்னல் போனது. நான்காம் நாள்தான் டெப்த் 1 என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் இறக்கினேன். வரலாறு வேண்டுமென்றால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளலாம். பில்டும், அதாவது கோடை ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டுவதும், அப்படித்தான். எல்லா பிராசஸருக்கும் கட்டச் சொன்னால் பழைய லேப்டாப் அழுதுவிடும். கான்ஃபிகரில் ஏஆர்எம் டார்கெட்டை மட்டும் கேளுங்கள்.

கோடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கியூஎமுவில் ஏற்கெனவே டிஎம்பி105 என்று இதே போன்ற ஒரு சென்சார் இருக்கிறது. அந்த ஒரு கோப்பை நிதானமாக வாசித்தால் போதும். பஸ்ஸில் வரும் முதல் பைட் எந்த ரெஜிஸ்டர் (சென்சாருக்குள் மதிப்பு இருக்கும் இடம்) என்று சொல்லும், அடுத்துக் கேட்டால் இரண்டு பைட் திருப்பித் தர வேண்டும். வெப்பநிலையை வெளியிலிருந்தே மாற்றலாம். 25 டிகிரி வேண்டுமா, டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் 25000 என்று கொடுக்க வேண்டும். என் சென்சார் சில இடங்களில் மட்டும் வேறு. 9 நாளில் முடித்துவிட்டேன்.

25 கொடுத்தேன், 25 காட்டியது. 4 கொடுத்தேன், 4. மாமா புதிதாக ஃப்ரீசர் வாங்கப் போவதாகச் சொல்லியிருந்ததால் மைனஸ் 18 கொடுத்தேன். லாகர் 238 டிகிரி என்றது.

என் எமுலேஷன்தான் தப்பு என்று இரண்டு நாள் அதையே கிண்டினேன். கடைசியில் பார்த்தால் எமுலேஷன் சரியான பைட்டைத்தான் தந்திருக்கிறது. 256இல் 18 போனால் 238. மைனஸ் 18 அந்த பைட்டில் இருப்பது அப்படித்தான். லாகர் புரோகிராம்தான் அதைக் குறியில்லாத (மைனஸே வராத) எண்ணாக வாசித்திருக்கிறது. ஐஸ் பெட்டி பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை என்பதால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. நிஜ ஃப்ரீசரில் மாட்டியிருந்தால் முதல் ராத்திரியே அலாரம் அடித்து மாமாவை எழுப்பியிருக்கும். சாதனமே இல்லாமல் சாதனத்தின் பிழையைப் பிடித்த அந்த இரவு தூக்கம் வரவில்லை. இதை எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது, அனுப்பியே தீர வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

இனிமேல்தான் கஷ்டம். கியூஎமுவுக்குப் பேட்ச் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். பிரவுசரில் மெயிலைத் திறந்து ஒட்டி அனுப்பினேன். நீள வரிகளெல்லாம் நடுவில் உடைந்து போய்ச் சேர்ந்தன. ‘பேட்ச் பொருந்தவில்லை, கிட் சென்ட்-இமெயில் பயன்படுத்துங்கள்’ என்று மறுநாளே பதில். அது கிட்டிலிருந்தே பேட்ச்சை மெயிலாக அனுப்பும் கட்டளை. அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள், எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது.

வீட்டு சிக்னலை நம்பாமல் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர். லேப்டாப்பை இணைத்து அனுப்பினால் அசையவே இல்லை. பாஸ்வேர்டு, செட்டிங் எல்லாம் மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம். அந்த நெட்வொர்க்கில், கிட் மெயில் அனுப்பும் வழியான 587 போர்ட் அடைத்திருக்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. இருந்தவரிடம் கேட்டேன். “மெயில் அனுப்பணும்னா பிரவுசர்ல அனுப்புங்க தம்பி” என்று சொல்லி இரண்டு மணி நேரத்துக்கும் காசு வாங்கிக்கொண்டார். அரை நாள் போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டும்போது போன் ஹாட்ஸ்பாட்டில் சும்மா முயன்றேன். சட்டென்று போனது! வீட்டுத் திண்ணையிலேயே செய்திருக்கலாம்.

அதனால் சொல்கிறேன்: இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு எடுபடாமல் போகலாம், மெயில் கணக்கில் தனியாக ஆப் பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மெயிலை கிட் ஏஎம் (மெயிலில் வந்த பேட்ச்சைப் பொருத்தும் கட்டளை) கொடுத்துச் சுத்தமான கிளையில் பொருத்திப் பாருங்கள். அனுப்பும் முன், கோடு எழுதிய நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். டேப் கூடாது, நான்கு இடைவெளி. ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி இல்லாமல் எடுக்கவே மாட்டார்கள். நான் அதையும் மறந்திருந்தேன். மாற்றத்தை கிட்டில் பதியும் கமிட் கட்டளையில் மைனஸ் எஸ் (-s) சேர்த்தால் தானே வந்துவிடும். அது வெறும் கையெழுத்து இல்லை, இந்தக் கோடைத் தரும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதிமொழி. ஏஐ எழுதித் தந்த கோடை அவர்கள் ஏற்பதில்லை என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஜூலையில் விமர்சனம் வந்தது. ஒரே பேட்ச்சாகப் போட்டதை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள். சோதனை கேட்டார்கள். இன்னொன்று நான் யோசிக்கவே இல்லாதது: ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தி வேறு கம்ப்யூட்டரில் தொடர்ந்தால், எந்த ரெஜிஸ்டர் தேர்வாகியிருந்தது என்பது தொலைந்துவிடும், நிலையைச் சேமிக்கும் பட்டியலான விஎம்ஸ்டேட்டில் அதை நான் சேர்க்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் என் 200 வரியை இவ்வளவு கூர்ந்து வாசித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. திருத்தியதைப் பழைய மெயிலுக்குப் பதிலாகப் போடாமல் ‘வி2’ என்று தனியாக அனுப்ப வேண்டும். என்ன மாறியது என்பதை பேட்ச் மெயிலில் வரும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே எழுதினால் அது கமிட்டில் ஒட்டாது.

அனுப்பினேன். சத்தமே இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பணிவாக ஒரு நினைவூட்டல் போட்டபோதுதான் காரணம் தெரிந்தது. கியூஎமு வருடத்துக்கு மூன்று வெளியீடு. ஆகஸ்ட் வெளியீட்டுக்கு முன் ஜூலையிலேயே ஃப்ரீஸ் வந்துவிடும். அப்போது பிழைதிருத்தம் மட்டும்தான், புதுச் சாதனம் உள்ளே போகாது. வெளியீட்டு அட்டவணை பொதுவிலேயே இருக்கிறது. அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாமாவிடம் சொன்னேன். “அவங்களுக்கும் தடைக்காலம் இருக்காக்கும்? முடிஞ்சா எடுத்துக்கிருவாங்க மாப்ள, விடு” என்றார். எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

வெளியீடு முடிந்ததும் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னரே எடுத்துப் பேசினார். ஒரு கமென்ட்டைத் திருத்தி வி3 அனுப்பினேன். போன வாரம் சேர்ந்துவிட்டது. மாற்றங்களின் பட்டியலான கிட் லாகில் என் பெயர், இனிஷியலோடு. அத்தையிடமும் காட்டினேன்.

மாமாவின் ஃப்ரீசர் நேற்று வந்திறங்கியது. திருத்திய லாகரை மாட்டிவிட்டு வந்தேன். காலையில் போனில் பார்த்தபோது மைனஸ் 18.5.