சமையலறைக் குப்பைத் தொட்டியை இரண்டாக்குங்கள்

சுற்றுச்சூழலுக்காகத் தனி மனிதர் என்ன செய்யலாம் என்று கேட்டால், மரம் நடுவது, துணிப்பை எடுத்துச் செல்வது, தேவையில்லாத விளக்கை அணைப்பது என்று எல்லோருக்கும் ஒரு பட்டியல் மனப்பாடமாகத் தெரியும். அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஈரக் குப்பையைத் தனியே பிரிப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

காய்கறித் தோலும் மீந்த உணவும் எப்படியும் மட்கித்தான் போகும், அவற்றால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். குப்பைக் கிடங்கில் நடப்பது வேறு. உயரமாகக் குவிந்த குப்பையின் அடியில் காற்றுப் புகாததால், அங்கே உணவுக் கழிவு அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. அந்த வாயு, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் புவியைச் சூடாக்க வல்லது. போதாக்குறைக்கு, ஒரே தொட்டியில் கிடக்கும் தாளையும் அட்டையையும் அந்த ஈரம் நனைத்து, மறுசுழற்சிக்குப் போக வேண்டியவற்றையும் பாழாக்கிவிடுகிறது.

பிரித்த ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்க முடிந்தால் இன்னும் நல்லது. பக்கங்களில் துளையிட்ட, மூடியுள்ள ஒரு வாளி போதும். அடியில் காய்ந்த சருகைப் பரப்பி, ஒவ்வொரு முறை ஈரக் கழிவைப் போட்டதும் அது மறையும் அளவுக்குச் சருகையோ மரத்தூளையோ கிழித்த அட்டையையோ மேலே தூவ வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது, காற்றுப் போதவில்லை என்று பொருள். காய்ந்ததைக் கூட்டிக் கிளறினால் சரியாகிவிடும். வெள்ளையாகப் பூஞ்சை படர்வதைக் கண்டு பலர் பயந்து கொட்டிவிடுகிறார்கள். அதுவும் மட்கச் செய்யும் உயிர்களில் ஒன்றுதான், அப்படியே விட்டுவிடுங்கள். போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாமல் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் உரம் தயார். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம்.

உரமாக்குகிறோமே என்பதற்காக உணவை வீணாக்கலாம் என்று ஆகாது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி, 2022-இல் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது. அந்த உணவை விளைவிக்கச் செலவான நீரும் உரமும் எரிபொருளும் அதோடு சேர்ந்தே வீணாகின்றன. வாங்கப் போகும் முன் வீட்டில் இருப்பதைப் பார்ப்பதும், முதலில் கெடக்கூடியதைக் குளிர்பதனப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும்படி முன்வரிசையில் வைப்பதும் மிக எளிய வேலைகள். அவற்றின் பலன் பெரியது.

துணிப்பையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் கொண்டால், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படும் மெல்லிய நெகிழிப் பையைவிட அது மேலானதாகும். நெகிழி மண்ணிலும் கடலிலும் செய்யும் கேடு இந்தக் கணக்கில் சேராது என்பதால், துணிப்பையைக் கைவிட இது காரணமாகாது. ஆனால் பை இருக்கும்போதே புதிது புதிதாக வாங்கிச் சேர்ப்பதில் பயனில்லை. இருப்பதையே கிழியும்வரை, கிழிந்தால் தைத்தும், பயன்படுத்த வேண்டும்.

சொட்டும் குழாயை உடனே சரிசெய்யுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டர் போய்விடும்.

மீண்டும் குப்பைக்கே வருகிறேன். நாம் பிரிக்காமல் கொட்டுவதை எங்கோ ஒருவர் கையால் பிரிக்கிறார். ஆகவே உடைந்த கண்ணாடி, சவரக் கத்தி, ஊசி போன்றவற்றை எந்தத் தொட்டியிலும் போடாமல், தடித்த அட்டையில் சுற்றி, உள்ளே இருப்பது என்னவென்று மேலே சிவப்பு மையில் எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.