நீங்க எழுதிட்டீங்களே சார்

வார நாட்களில் பள்ளி பள்ளியாகப் போய் ரோபாட்டிக்ஸ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. போட்டிப் பருவம் வந்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் லெகோ ரோபோ செய்து போட்டியிடும் ஃபர்ஸ்ட் லெகோ லீக்கின் வட்டாரப் போட்டிகளில் ரெஃப்ரியாக நிற்பேன். சில தடவை ஜட்ஜ் அறையில் உட்காரவும் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு மார்க் போடுவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை இந்த இரண்டு இடங்களில்தான் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு பாடத்தை ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து கற்றேன்.

இந்தப் போட்டியில் ரோபோவுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம். மூன்று ரன் உண்டு, அதில் எது அதிகமோ அதுதான் கணக்கு. ரோபோ ஓடும்போது என்ன செய்தது என்பதைவிட, நேரம் முடிந்தபோது மேட்டில், அதாவது டேபிள் மேல் விரித்திருக்கும் விரிப்பில், எது எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலான மிஷன்களுக்கு, ரோபோ செய்ய வேண்டிய வேலைகளுக்கு, புள்ளி கொடுப்போம். மணி அடித்ததும் யாரும் எதையும் தொடக்கூடாது. ரெஃப்ரியும் பிள்ளைகளும் ஒவ்வொரு மிஷனாகப் பார்த்துக்கொண்டே வருவோம். கடைசியில் பிள்ளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஸ்கோர் முடிவானது. இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்கிற மாதிரி ஒரு விஷயம் சந்தேகமாக நின்றால், சந்தேகத்தின் பலன் பிள்ளைகளுக்குத்தான் என்று விதியே சொல்கிறது. அழகான விதி. ஆனால் சந்தேகம் இருக்கிறது என்று பிள்ளை வாய் திறந்து சொன்னால்தானே அந்த விதிக்கு வேலை?

2024-25 பருவத்தின் பெயர் சப்மெர்ஜ்ட், கடலுக்கடியில் நடக்கும் ஆராய்ச்சிதான் கரு. அதில் லெகோ சுறா ஒன்றை அதன் குகையிலிருந்து வெளியே கொண்டுவரும் மிஷன் இருந்தது. சுறா குகையைத் தொடாமல் வெளியே வந்துவிட்டால் 20 புள்ளி. மேட்டைத் தொட்டபடி, அங்கே வரைந்திருக்கும் சுறாவின் வாழிடத்துக்குள் கொஞ்சமாவது இருந்தால் இன்னொரு 10.

நான் நின்ற டேபிளில் ஒரு அணியின் மூன்றாவது ரன். சுறா வெளியே வந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. நான் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தால் கோட்டுக்கு வெளியே. 20 போட்டேன், 10 போடவில்லை. எதிரே பதினோரு வயதிருக்கும் ஒரு பெண், இரட்டைச் சடை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "ஓகேவா மா?" என்றேன். "ஓகே சார்." அடுத்த மிஷன், அதற்கும் "ஓகே சார்." கையெழுத்துப் போட்டாள். அடுத்த அணி வரிசையில் நிற்கிறது, நான் மேட்டைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

சாயங்காலம் டேபிளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "சார், சுறாவோட வால் உள்ளதான் இருந்துச்சு. என் பக்கத்துல இருந்து பாத்தா தெரிஞ்சுது" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மா?"

"நீங்க எழுதிட்டீங்களே சார்."

அவள் குரலில் கோபமே இல்லை. சார் எழுதிய பிறகு பேசக்கூடாது என்பது அவளுக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. அந்த 10 கிடைத்திருந்தால் பட்டியலில் ஓர் இடம் மேலே போயிருப்பார்கள், கோப்பை வந்திருக்காது. ஆனால் அன்றைக்கு இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கையெழுத்து வாங்குகிற அந்த முறையே, பிள்ளை எதிர்த்துக் கேட்கும் என்ற நம்பிக்கையில் அமைத்ததுதான். நாமோ பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லி வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளையிடம் "ஓகேவா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

அதிலிருந்து நான் எழுதுவதற்கு முன்னால் பிள்ளையைப் பேசவிடுகிறேன். டேபிளைச் சுற்றிப்போய் அவர்கள் பக்கம் நின்று, குனிந்து, அவர்கள் உயரத்தில் பார்க்கிறேன். "இது என்ன ஆச்சு, நீ சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். ஒரு அணிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகிறது. அட்டவணை பார்ப்பவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். பரவாயில்லை. ஒன்று கவனித்தேன்: பேசவிட்டால் தங்களுக்குப் புள்ளி கூட்டுகிறமாதிரிதான் பேசுவார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். "இல்ல சார், இது மேட்டைத் தொடல" என்று அவர்களே சொன்னதும் பல தடவை உண்டு.

டேபிள் ஸ்கோர் மொத்தத்தில் கால்வாசிதான் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. ரோபோ டிசைன், அந்த வருடக் கருவையொட்டிப் பிள்ளைகள் செய்யும் இன்னோவேஷன் ப்ராஜெக்ட், அணியாகச் சேர்ந்து நடந்துகொள்ளும் விதத்துக்கான கோர் வேல்யூஸ் என்று மற்ற மூன்றுக்கும் ஒவ்வொரு கால்வாசி. "எங்க பசங்கதான் டேபிள்ல ஃபர்ஸ்ட், அப்புறம் எப்படி சாம்பியன்ஸ் அவார்ட் வேற டீமுக்கு?" என்று ஒவ்வொரு வருடமும் ஓர் அப்பாவாவது கேட்பார். நான்கும் சேர்ந்து நன்றாக இருக்கும் அணிக்குத்தான் அது போகும். பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். மேசையில் பிள்ளைகள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் ரெஃப்ரி ஒரு மதிப்பெண் போடுவார். 'கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்' என்று அதற்குப் பெயர். எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃப்ளவர்ஸ் இந்த இயக்கத்துக்குக் கொடுத்த சொல். முழு மூச்சாகப் போட்டி போடு, எதிரில் நிற்பவரை மதித்துப் போடு என்பதுதான் சாரம்.

அந்த மற்ற முக்கால்வாசியைப் பெரும்பாலும் மூடிய அறைக்குள் அரைமணி நேரத்தில் எடை போடுகிறோம். அங்கே பிரச்சினை இன்னும் கூர்மையானது. எதற்கு எவ்வளவு மார்க் என்று வரி வரியாகப் பிரித்திருக்கும் ரூப்ரிக் தாளில் ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 4 வரை. மூன்று வரைக்கும் டிக் அடித்தால் போதும். நான்கு கொடுத்தால் மட்டும் அந்தக் கட்டத்தில் ஏன் என்று எழுத வேண்டும். எழுதுவதற்குப் பிள்ளை ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நன்றாகப் பேசும் பிள்ளைக்கு எழுத நிறைய கிடைக்கும். ரோபோவின் கையைச் செய்த பிள்ளை ஓரமாக நின்றிருந்தால் எழுத ஒன்றும் இருக்காது.

2025-26இன் கரு தொல்லியல். நம் ஊர்ப் பிள்ளைகள் கீழடியை விடுவார்களா? அகழாய்வுக் குழியில் கிடைக்கும் பானை ஓடுகளை கேமரா வைத்து நிறம் பிரிப்பது பற்றி ஒரு அணி வந்தது. அரசுப் பள்ளி, பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்க மத்திய அரசுத் திட்டத்தில் அமைத்த அடல் டிங்கரிங் லேப் இருக்கும் பள்ளி. 2016இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் இப்படிப்பட்ட அணிகளை இப்போது பார்க்க முடிகிறது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள். ப்ராஜெக்ட் முடிந்து ரோபோவுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. முன்பக்கம் இருந்த அந்தக் கையை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பக்கத்து ஜட்ஜ் கேட்டார். பேசிய பெண் கடைசியில் நின்ற பையனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தமிழ்லயே சொல்லுப்பா. முதல்ல மாட்டிக் காட்டு" என்றேன். ஆங்கிலத்துக்கு என்று அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது.

அவன் ரோபோவை வாங்கி, பார்க்காமலே அந்தக் கையைக் கழற்றினான். விரல் தானாகப் போனது. அப்புறம் பேச ஆரம்பித்தான். "நாலு மோட்டாருக்கு மேல வைக்கக்கூடாது சார். சக்கரத்துக்கு ரெண்டு போயிடுச்சு. முதல்ல இதுக்கு ஒண்ணு வச்சோம், வெயிட்டு முன்னாடி வந்து ரோபோ குத்திக்கிச்சு. அதான் மோட்டாரை எடுத்துட்டு ரப்பர் பேண்டு போட்டோம். இதை இழுத்து லாக் பண்ணி விட்டா, மாடல்ல இடிச்ச உடனே தானா மூடிக்கும்." இழுத்துக் காட்டினான். டக்கென்று மூடியது. பிறகு பல் சக்கரம் ஏன் சின்னதாக மாறியது, மேடையில் ஏறும்போது ஏன் வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் அவனே பேசினான். கூட இருந்தவர்கள் நடுநடுவே எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர்கள் போனதும் நானும் பக்கத்து ஜட்ஜும் அதிகம் விவாதிக்கவில்லை. சோதித்துச் சோதித்து மாற்றியதற்கான வரியில் 4 போட்டோம். கட்டத்துக்குள் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். அதன் கீழே இடம் இருந்ததால் நான் தமிழில் எழுதினேன்: 'எடை கூடியதைக் கண்டுபிடித்து மோட்டாரையே எடுத்துவிட்டீர்கள். மூன்று தடவை மாற்றிச் செய்த கை இது. அருமை.'

அன்று அவர்களுக்குக் கோப்பை எதுவும் வரவில்லை. டேபிளில் கடைசிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். விழா முடிந்து தாள்களைக் கோச்களிடம் கொடுத்த பிறகு, அந்தப் பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாளோடு என்னிடம் வந்தான். தமிழ் வரியில் விரலை வைத்திருந்தான்.

"சார், மூணு இல்ல. நாலு தடவை மாத்தினோம்."

பேனாவை எடுத்து மூன்றை அடித்து நான்கு என்று எழுதினேன். பக்கத்தில் என் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.