தம்பி கேஸ்: இந்த வருஷக் குறிப்புகள்

ஜூன் 10, 2025, செவ்வாய்

இன்றைக்கும் வாய்தா. எதிர்த்தரப்பு ஜூனியர் வக்கீல் எழுந்து சீனியருக்கு உடம்பு சரியில்லை என்று மனு கொடுத்தார், அரசு வக்கீலான பி.பி. வேறொரு கோர்ட்டில் இருந்தார், ஜட்ஜ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தேதி போட்டார். காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூப்பிடவே இல்லை.

தம்பியை வெட்டிக் கொன்றது 2019-இல். அப்போது சென்னையில் எங்கள் டோல்கேட் பக்கம் மெட்ரோவுக்குத் தூண்தான் நின்றது. 2021 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பித்து, இப்போது கோர்ட்டுக்கே அதில்தான் போய் வருகிறோம். கேஸ் மட்டும் இந்த வருஷம்தான் சாட்சி விசாரணைக்கு வந்திருக்கிறது. கொரோனாவில் நின்றது, அப்புறம் ஏ3, அதாவது மூன்றாவது குற்றவாளி என்று கேஸில் இருப்பவன், ஆஜராகாமல் பிடிவாரண்டில் நின்றது, நடுவில் ஜட்ஜ் மாறினார், கோர்ட் புறக்கணிப்பு, மே மாத லீவு. ஏன் நின்றது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களே கோர்ட் சிப்பந்தியான டவாலியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

ஜூன் 26, வியாழன்

சாட்சிக்குத் தனி இடம் கிடையாது. வராந்தாவில் ஒரே பெஞ்சு, இந்த முனையில் அம்மா, அந்த முனையில் ஏ2. 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாததால் அப்போதே ஜாமீனில் வந்தவன். இன்றைக்கு அம்மாவைப் பார்த்து, "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அம்மா கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மூடத் தெரியாமல் திருகிக்கொண்டே இருந்தாள்.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் அண்ணனிடம் சொன்னேன். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-இலேயே சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்கச் சட்டம் மாதிரியே பின்பற்றச் சொல்லிவிட்டது, மனு போடலாம் என்றார். "ஆனா மிரட்டினான்னு எதைம்மா எழுதுறது? சாப்ட்டியான்னு கேட்டதையா?"

ஜூலை 17, வியாழன்

அம்மா இன்று கூண்டேறினாள். புகார் கொடுத்தது அவள் என்பதால் அ.சா.1, அரசுத் தரப்பின் முதல் சாட்சி.

பழுப்பு உறையைப் பிரித்துச் சட்டையை எடுத்தார்கள். அரக்கு சீல் பொடிப்பொடியாக மேஜையில் உதிர்ந்தது. ரத்தம் கறுத்துப்போய், மடித்த இடமெல்லாம் துணி விறைத்து நின்றது, இது நீல நிறம் என்று சொன்னால்தான் தெரியும். அடையாளம் தெரிகிறதா என்று பி.பி. கேட்டார். அம்மா நிறத்தைப் பார்க்கவில்லை, மூன்றாவது பித்தானைத் தொட்டுக் காட்டினாள். "இது அவங்கப்பா சட்டை பித்தான். நான்தான் தெச்சேன்."

அப்புறம் குறுக்கு விசாரணை. ஆஸ்பத்திரிக்குப் போனது எட்டரைக்கா ஒன்பதுக்கா, ஆட்டோவிலா பைக்கிலா, போலீஸில் அப்படிச் சொல்லிவிட்டு இங்கே ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள் என்று ஒரு மணி நேரம் குடைந்தார்கள். சுகர், பிரஷர், கண் புரை என்று இந்த ஆறு வருஷத்தில் அவளுக்கு வராதது இல்லை. தேதி கேட்டுக் கேட்டு இழுத்தவர்களே இன்றைக்கு அவள் மறதியைப் பிடித்து மடக்குகிறார்கள், இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

டீக்கடை மாஸ்டர் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சி ஆகிவிட்டார். நேரில் பார்த்தவர் என்று கேஸில் இருந்தது அவர் ஒருவர்தான். 2019-இல் மாஜிஸ்திரேட் முன்னால் 164-வது பிரிவின்படி வாக்குமூலமே கொடுத்தவர், இன்று "நான் உள்ளே பால் காய்ச்சிட்டு இருந்தேன், ஒண்ணும் தெரியாது" என்று முடித்துக்கொண்டார். அந்த 164 தன்னளவில் ஆதாரமாக நிற்காதாம், அவர் மாற்றிப் பேசுகிறார் என்று காட்டத்தான் உதவுமாம்.

அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. அவருக்கு வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிறது, ஏ1 வீடு இரண்டு தெரு தள்ளி. சம்பவம் நடந்த மறுவருஷமே கூப்பிட்டிருந்தால் இந்த மனிதர் சொல்லியிருப்பார் என்று இன்னமும் நம்புகிறேன். அப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

2024 ஜூலையில் புதுக் குற்ற நடைமுறைச் சட்டம் வந்துவிட்டது, இனி இரண்டு வாய்தாவுக்கு மேல் கிடையாது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். நம் கேஸ் பழசு, கொலைக்கான பழைய 302-தான், பழைய நடைமுறைச் சட்டம்தான். அதிலும் 309-வது பிரிவு, சாட்சி விசாரணை ஆரம்பித்தால் தினமும் நடத்தி முடி என்றுதானே சொல்கிறது? யார் நடத்தினார்கள்!

விடுதலை ஆகிவிட்டால் நாங்களே அப்பீல் போகலாமாம், 2009 திருத்தத்துக்குப் பிறகு அதே சட்டத்தின் 372-வது பிரிவில் அந்த உரிமை உண்டு என்கிறார் வக்கீல் அண்ணன். "அதுக்கு இன்னும் எத்தினி வருசம்?" என்று அம்மா கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்தது இன்ஸ்பெக்டர் சாட்சி. ரிட்டயர்டு ஆகி சொந்த ஊரோடு போய்விட்டாராம். சம்மன் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று திங்கட்கிழமை ஸ்டேஷனில் போய்க் கேட்கணும், அரை நாள் பர்மிஷன் சொல்லியிருக்கிறேன்.