இரண்டு ஔவையார்கள்: ஒரு கிளை நூலகத்தின் நாட்குறிப்பு

14 ஜூலை 2025, திங்கள்

சென்ற வாரம் நூலகப் பணியாளர்களான எங்களுக்கு இணையத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு நாள் பயிற்சி நடந்தது. அறுபது பேர் அமர்ந்திருந்தோம். மின்னூலகம், சமூக ஊடகம், திறந்த மூல மென்பொருள், செயற்கை நுண்ணறிவு என்று காலை முதல் மாலை வரை திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக்கொண்டே போனார்கள். அத்தனை நேரத்தில் எங்களில் ஒருவர்கூட ஒரு விசையைத் தொடவில்லை. சான்றிதழோடு தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கியபோது, "மேடம், நாளைக்கு நாம முதல்ல என்ன செய்யணும்?" என்று என் உதவியாளர் அம்மா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை.

நூலகவியல் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் சொன்ன ஒரு செய்தி இன்று காலை நினைவுக்கு வந்தது. 2006-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய ஹெலீன் ப்ளோவர்ஸ் என்பவர், தம் ஊழியர்கள் இணையத்தைக் கற்றுக்கொள்ள இருபத்து மூன்று சிறு பயிற்சிகளை வகுத்தார். வலைப்பதிவு ஒன்றைத் தொடங்குவது, படம் ஒன்றைப் பதிவேற்றுவது என்று ஒவ்வொன்றும் சிறியது. ஒவ்வொன்றையும் ஊழியரே தம் கையால் செய்து பார்த்து, செய்ததை எழுதியும் வைக்க வேண்டும். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் எம்.பி.3 கருவி ஒன்று பரிசு. பிறகு பல நாட்டு நூலகங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டன. பரிசு கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனால் கதவு திறப்பதற்கு முன் நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். நான், உதவியாளர் அம்மா, நூல்களை அடுக்கும் தினக்கூலித் தம்பி ஆகிய மூவரும் நாளைமறுநாள் தொடங்குகிறோம்.

16 ஜூலை 2025, புதன்

முதல் பாடமாகத் தமிழில் தட்டச்சு செய்வதை எடுத்துக்கொண்டோம். தம்பி கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழை வரவழைக்கிறான். வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் ல, ள, ழ மூன்றும் இடம் மாறி விழுகின்றன. ஒரு நூலின் தலைப்பில் அந்தப் பிழை விழுந்தால் அந்த நூல் பட்டியலில் இல்லாததற்குச் சமம். ஆகவே 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையையே மூவரும் பழகுவது என்று முடிவு செய்தேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் இருப்பதால் இரண்டு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. 'அம்மா' என்று எழுத நான்கு விசைகள் போதும். மகரத்தை இருமுறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிடுகிறது.

உதவியாளர் அம்மா இளவயதில் ராயபுரத்தில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு முடித்தவர். கணினி என்றால் தயங்குபவர், விசைப்பலகையில் விரல்களை வைத்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பழைய தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசை இதில் இல்லை என்பதால் முதல் கால் மணி நேரம் தடுமாறினார். அதன்பின் கண்ணை விசைகளின்மேல் ஓட்டாமலே அடிக்கத் தொடங்கிவிட்டார். இருபத்திரண்டு வயதுத் தம்பி வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

19 ஜூலை 2025, சனி

இன்றைய நாளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டியோடு வந்தாள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவளுக்கு ஔவையார் பற்றிய தலைப்பு. எங்கள் நூல் பட்டியல் பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த எக்ஸெல் கோப்பு. அதில் 'ஔவையார்' என்று அடித்துத் தேடினேன். மூன்று நூல்கள் வந்தன, மூன்றும் இரவலில் போயிருந்தன. இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது, தம்பி அலமாரியிலிருந்து ஆத்திசூடி உரை ஒன்றையும் மூதுரை, நல்வழி அடங்கிய தொகுப்பு ஒன்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். இரண்டின் அட்டையிலும் ஔவையார் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கோப்பில் ஏன் இல்லை?

மாணவியை அனுப்பிய பிறகு நூலகத்துக்கு வரும்போது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சேர்க்கை எண்ணைக் கொண்டு தேடினோம். நூல் கோப்பில் இருந்தது. ஆசிரியர் பெயரும் இருந்தது. திரையில் பார்த்தால் எழுத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்து ஒவ்வோர் எழுத்தாக அழிக்கச் சொன்னேன். அம்மா பின்னோக்கி அழித்துக்கொண்டே வந்தார். வகரம் போனபின் இருக்க வேண்டியது 'ஔ' என்ற ஓரெழுத்து மட்டும். ஆனால் அடுத்த தட்டலில் 'ள' மட்டும் மறைந்து 'ஒ' தனியாக நின்றது. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் யாரோ ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து 'ஒளவையார்' என்று எழுதியிருக்கிறார்.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய பொறியில் ஔகாரத்தின் பின்பகுதியையும் ளகரத்தையும் ஒரே விசையில் அடித்துப் பழகியவர்களுக்கு அது பிழையாகவே தோன்றியிருக்காது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'ஔ' என்பது தனக்கென ஓர் எண்ணைக் கொண்ட தனி எழுத்து. ஒகரத்துக்கு வேறு எண், ளகரத்துக்கு வேறு எண். கணினி வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. அகர வரிசையில் அடுக்கியபோது அந்த ஒளவையார் 'ஒளி' என்று தொடங்கும் பெயர்களுக்கு அருகே போய் உட்கார்ந்திருந்தார். எண்ணிப் பார்த்தால் அங்கே எட்டு நூல்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு நான் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

"நானும் இப்படித்தான் அடிச்சிருப்பேன் மேடம்" என்றார் அம்மா. தமிழ் 99-இல் ஔகாரத்துக்குக் கீழ்வரிசையின் இடக்கோடியில் தனி விசை உண்டு என்று காட்டினேன். அதை இருபது முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

24 ஜூலை 2025, வியாழன்

திங்கள் முதல் அரை மணி நேரம் முழுவதும் பட்டியலைத் திருத்துவதிலேயே போகிறது. 'கௌ' இருக்க வேண்டிய இடங்களில் 'கெள', நெட்டெழுத்தின் கால் இருக்க வேண்டிய இடங்களில் ரகரம் என்று தோண்டத் தோண்ட வருகின்றன. ஸ்ரீ என்ற எழுத்துக்கூட இரண்டு விதமாக உள்ளே பதிவாகியிருக்கிறது. சில வரிகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்து ஒட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குறிகளாகத் தெரிகின்றன. அவற்றைத் தம்பி எழுத்துரு மாற்றி கொண்டு மாற்றித் தர, அம்மா பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்.

இணையத்தில் தேடும்படியான பட்டியலுக்கு என்றைக்காவது மாற வேண்டும் என்பது என் விருப்பம். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்தின் தேவைக்காக உருவாகி, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்னும், நூலகப் பட்டியலைப் பராமரிக்கும் கட்டற்ற (யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய) மென்பொருளை இன்று இந்தியாவிலும் ஏராளமான நூலகங்கள் பயன்படுத்துகின்றன. மென்பொருள் எதுவானாலும், நாம் கொடுக்கும் பட்டியலில் எட்டு ஔவையார் நூல்கள் ஒளிந்திருந்தால் அதுவும் மூன்றைத்தான் காட்டும். முதலில் பட்டியல் தூய்மையாகட்டும்.

31 ஜூலை 2025, வியாழன்

ஒரு தவறு செய்துவிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

புதிய நூல்கள் வந்தால் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கலாம் என்று ஞாயிறன்று வாட்ஸப் குழு ஒன்றைத் தொடங்கினேன். குழுவில் ஒருவரின் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல, அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கவரும் ஒரு பெண் இன்று காலை வந்து, குழுவிலிருந்து தன் எண்ணை எடுத்து யாரோ இரவில் செய்தி அனுப்புவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். செய்தி அனுப்பியவரை அழைத்துக் கண்டித்தேன். குழுவை அப்போதே கலைத்தேன். நூலகத்தில் கொடுத்த எண் நூலக வேலைக்கு மட்டும்தான் என்று நம்பித்தானே அவர்கள் படிவத்தில் எழுதுகிறார்கள்?

இனி வாட்ஸப்பின் அறிவிப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) முறையில் அனுப்புவோம். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நூலகத்தின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே எங்கள் எண்ணைப் பெரிதாக எழுதி வாசலில் ஒட்டினோம். விருப்பமுள்ளவர் சேமித்துக்கொள்ளலாம், விரும்பாதவரை யாரும் தொந்தரவு செய்ய முடியாது.

6 ஆகஸ்ட் 2025, புதன்

பெரம்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நாள்தோறும் நாளிதழ் படிக்க வருவார். நன்னூலுக்குப் பழைய உரைப் பதிப்பு ஏதும் உண்டா என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், எங்களிடம் இல்லை. இந்த வாரப் பாடம் மின்னூலகங்கள் என்பதால் அவர் கேள்வியையே பயிற்சியாக எடுத்துக்கொண்டோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அம்மா தேட, 1998 முதல் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டத்தில் நான் தேடினேன். தம்பி கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகத்தில் தேடினான். அம்மாவுக்குத்தான் முதலில் கிடைத்தது.

நூலைக் கண்டுபிடித்ததைவிட அதை அவர் படிக்கும்படி ஆக்குவதற்கே அதிக நேரம் பிடித்தது. வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள் அவருடைய சிறிய கைப்பேசித் திரையில் பொடிப்பொடியாகத் தெரிந்தன. தம்பி அவர் அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியைக் கிடையாகத் திருப்பி, இரு விரலால் பக்கத்தை விரிக்கக் கற்றுக்கொடுத்தான். "இப்படி இழுங்க தாத்தா, மெதுவா" என்று அவன் சொல்வதும், பெரியவர் விரல் நடுங்க ஒரு சூத்திரத்தை வாய்விட்டுப் படிப்பதும் கேட்டன. அதன்பின் அரை மணி நேரம் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

9 ஆகஸ்ட் 2025, சனி

இன்று இரண்டாம் சனி, வீட்டிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் கதை வாசித்து யூடியூபில் ஏற்றலாம் என்று தம்பி கேட்டிருந்தான். நல்ல எண்ணம். ஆனால் நாம் விலைகொடுத்து வாங்கிய நூல் என்பதாலேயே அதை முழுவதும் வாசித்து வெளியிடும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின்னும் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. பாரதியார் போலப் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டவர்கள் நமக்குப் பெருந்துணை. முதல் காணொளிக்குப் பாப்பா பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

நூலகர் தினம். சீர்காழியில் 1892-இல் பிறந்த, நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை சூட்டினோம். கணித ஆசிரியராக இருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான பிறகுதான் லண்டன் சென்று நூலகவியலைக் கற்றார் என்பதை இருவருக்கும் சொன்னேன். பொறுப்பை ஏற்ற பின் கற்றுக்கொண்டவர் அவர். திரும்பி வந்து 1929-இல் நூலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பும் தொடங்கினார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்ற அவருடைய நான்காம் விதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். இந்த முறை அதை வாசித்தபோது கொருக்குப்பேட்டை மாணவி கண்முன் நின்றாள்.

21 ஆகஸ்ட் 2025, வியாழன்

இந்த வாரம், பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கும் இணையதளமான விக்கிமூலம். வருடிய நூலின் பக்கம் ஒருபுறம், எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) மாற்றித் தந்த எழுத்து மறுபுறம் என்று திரையில் தெரியும்; இரண்டையும் ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்க வேண்டும். பார்க்கப்படாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள், வேறொருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சை. முதலில் பார்த்தவரே பச்சையாக்க முடியாது. அம்மாவுக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்துவிட்டது. நூலகப் பதிவேட்டில் ஒருவர் எழுதி மற்றவர் ஒப்பமிடும் முறைதானே இது என்றார். நேற்று அவர் ஒரு பக்கத்தை முடித்து மஞ்சளாக்கினார். எழுத்துணரி ரகரத்தை இரண்டு இடங்களில் கால் என்று படித்திருந்ததை அவர் கண்கள் தப்பவிடவில்லை.

எங்கள் பட்டியலில் ககர வரிசை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. மாலையில் அந்த மாணவி மூதுரையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். போட்டியில் இரண்டாம் பரிசு. ஔவையாரின் வேறு நூல் இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, கீழ்வரிசையின் இடக்கோடி விசையைத் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். பதினொரு நூல்கள் வந்தன. அவள் இரண்டை எடுத்துக்கொண்டு போனாள்.