அப்பாவின் சீகோவும் 9,400 ரூபாயும்

அப்பா 1977-ல் சிங்கப்பூரில் வெல்டராக இருந்தபோது வாங்கிய மஞ்சள் டயல் சீகோ 6139 வாட்ச் போன மாதம் மறுபடி ஓட ஆரம்பித்தது. சர்வீஸ் செலவு 9,400 ரூபாய். "அந்தக் காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாமே" என்று வீட்டில் கேட்டார்கள், ஆபீஸிலும் கேட்டார்கள். பணம் எங்கே போனது என்று எழுதிவிடுகிறேன்.

1969-ல் வந்த மாடல் இது. கையில் கட்டியிருந்தால் தானாகச் சாவி ஏறிக்கொள்ளும். திருகியைத் திருப்பிச் சாவி கொடுக்க வழியே கிடையாது. மேல் பொத்தானை அமுக்கினால் நடுவில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் விநாடி முள் கிளம்பும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். 6 மணிப் பக்கம் இருக்கும் சின்ன வட்டம் 30 நிமிடம் வரை எண்ணும். 1973-ல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குப் போன விண்வெளி வீரர் வில்லியம் போக் கையிலும் இந்த மாடல்தான் இருந்தது. அப்பா அதை வைத்து என் 400 மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் பார்த்தார். பள்ளி மைதானத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வாட்ச் நின்றுபோனது. பக்கத்துக் கடையில் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து எண்ணெய் விட்டு, பத்தே நிமிடத்தில் கையில் கொடுத்து 250 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் ஓடியது. அப்புறம் பொத்தானை அமுக்கினால் விநாடி முள் கிளம்பும், தயங்கும், நிற்கும். கடைசியில் வாட்சே நின்றுவிட்டது.

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சந்தில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாயிடம் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும். மூடியைத் திறந்து லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தவர் சொன்னது இதுதான்: "தம்பி, இதுல எண்ணெய ஊத்திருக்காங்க. ஊத்துறது வேற, வைக்கிறது வேற."

இந்த வாட்சில் ஸ்டாப்வாட்ச் முள்ளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் ஒரு கிளட்ச். வண்டி கிளட்ச் மாதிரிதான், உராய்வில்தான் பிடிக்கும். அதில் எண்ணெய் இறங்கினால் வழுக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பற்சக்கரங்களுக்கு இடையிலும் பழைய எண்ணெய் பிசினாகிக் கிடந்தது. அதன்மேல் புது எண்ணெய் விட்டதில் அழுக்கு எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது. சீகோ அந்தக் கிளட்ச்சைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்காகச் செய்யவில்லை, முழுசாக மாற்றத்தான் வேண்டும். புது பாகம் வருவதில்லை. அதனால் ஓடாத இன்னொரு 6139-ஐத் தேடி, 4,000 ரூபாய்க்கு வாங்கி, அதிலிருந்து எடுத்துப் போட்டார். கண்ணாடிக்கும் ரப்பர் வளையங்களுக்கும் 900.

மீதி 4,500 கூலி. இது அதிகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் வேலை செய்ததில் ஒரு மதியம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, கழுவி, உலர்த்தி, ஊசிமுனையில் எண்ணெயை ஒரு புள்ளியாக எடுத்து சக்கரங்களின் அச்சு உட்காரும் ஒவ்வொரு கல்லிலும் வைத்தார். ஒரு இடத்துக்கு மெல்லிய எண்ணெய், இன்னொரு இடத்துக்குக் கெட்டியானது, கிளட்ச் பக்கம் ஒன்றுமே கிடையாது. எல்லாம் பூட்டியபின் பொத்தான் ஒரு இடத்தில் சரியாகப் பிடிக்கவில்லை என்று பாதி வாட்சை மறுபடி பிரித்தார். மொத்தம் மூன்று நாள் வேலை. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 1,500 ரூபாய்தான். என்னைக் கேட்டால் இன்னும் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது நாளைக்கு எட்டு விநாடி முன்னால் ஓடுகிறது. அப்பாவே கட்டிக்கொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் இந்த மாதிரிப் பொத்தான் வைத்த பழைய வாட்ச் இருந்தால், கடையில் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "முழுசாப் பிரிச்சுக் கழுவுவீங்களா?" இல்லை, எண்ணெய் மட்டும் போட்டால் போதும் என்றால் வாட்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.