பழைய பிளேட்டிங் ஷெட்: கிரயத்துக்கு முன் மண்ணுக்குப் போட்ட கணக்கு

ஓசூர்ப் பக்கம் குரோம் பிளேட்டிங் (உலோகத்துக்குக் குரோமியப் பூச்சு போடும் வேலை) ஓடிய ஷெட் விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் வில்லங்கச் சான்று எடுப்பார்கள். அதில் அடமானம் தெரியும், குரோமியம் தெரியாது. நாங்கள் கூடவே கேட்டு வாங்கியவை ஆலை ஓட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணை, அபாயக் கழிவு அனுமதி, கசடு வெளியே போனதற்கான படிவம் 10. ஆண்டுக்கு எவ்வளவு கசடு வரும் என்பது அனுமதியிலேயே இருக்கும். படிவங்களைக் கூட்டினால் அதற்குப் பக்கத்திலாவது வர வேண்டும். வரவில்லையென்றால் மிச்சம் பெரும்பாலும் பின்சுவர் ஓரத்தில் புதைந்திருக்கும்.

அடுத்தது தோண்டிப் பார்ப்பது. தொட்டி நின்ற இடம், கழுவுநீர் வாய்க்கால், அமிலம் இறக்கிய இடம், பின்சுவர் ஓரம் ஆகிய நான்கிலும் 0.5, 1, 1.5, 3 மீட்டர் ஆழத்தில் தனித்தனி மாதிரி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து ஒரே மாதிரியாக்கினால் ஆய்வுக் கட்டணம் குறையும். நல்ல மண் கெட்ட மண்ணை மறைத்துவிடும். மொத்தக் குரோமியத்தோடு ஹெக்சாவேலன்ட் குரோமியத்தையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், விஷம் அதில்தான். அதற்கான தண்ணீர் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தாக வேண்டும். பெங்களூரு பக்கம் என்பதால் இங்கே அது சிரமமில்லை.

சுத்தம் செய்யும் செலவை ஏற்றுவதும் இறக்குவதும் கறை, அதாவது குரோமியம் இறங்கிய மண், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான். 10 மீட்டருக்கு 6 மீட்டர் இடம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் மண் சுமார் 1.8 டன். கறை 1 மீட்டரோடு நின்றால் 108 டன், 1.5 மீட்டர் என்றால் 162, 3 மீட்டர் என்றால் 324. எங்கள் மதிப்பில் இவற்றின் வாய்ப்பு 50, 35, 15 சதவீதம் என்றால் எடையிட்ட சராசரி 159 டன். விற்பவர் காட்டுவது எப்போதும் 108தான். பேரத்துக்கு 159ஐ வையுங்கள், கையிருப்புப் பணத்துக்கு 324ஐ. வெட்டியெடுத்த மண் கால் பங்கு உப்பும். டிப்பர் நடையைக் குழியின் அளவை வைத்துக் கணக்கிட்டால் இடிக்கும். கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்கு இங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். லாரி வாடகையையும், அங்கே விஷம் கசியாதபடி மண்ணை நிலைப்படுத்திப் புதைக்கும் கட்டணத்தையும் தனித்தனிக் கொட்டேஷனாக வாங்குங்கள்.

பலர் விட்டுவிடுவது தரை. மஞ்சள் படிந்த கான்கிரீட் குரோமியத்தைக் குடித்திருக்கும், அதுவும் அபாயக் கழிவாகலாம். வெறும் ஜல்லி என்று ஏரிக்கரையில் கொட்டினால் வழக்கு கொட்டியவர் மேல் வரும்.

மண்ணை வெட்டாமல், இருந்த இடத்திலேயே ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைப் போட்டு ஹெக்சாவேலன்ட் குரோமியத்தை விஷம் குறைந்த வடிவமாக மாற்றி முடிக்கலாம் என்பார்கள். ஒரு கிலோ ஹெக்சாவேலன்ட் குரோமியத்துக்குக் கணக்குப்படி 16 கிலோ வேண்டும். மண்ணும் பங்கு கேட்பதால் நடைமுறையில் அதைவிட அதிகமே போகும். கறை மேல்மண்ணோடு நின்றால் சரி. கறை பாறை வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் மருந்து எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. வெடிப்பு வழியே பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லுக்குப் போய்விடும். குடிநீரில் மொத்தக் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அது தாண்டினால் நிலத்தடி நீர்ச் செலவைத் தனித் தலைப்பாக எழுதுங்கள், மண் கணக்கோடு சேர்க்காதீர்கள். அதற்கு முடிவுத் தேதி கிடையாது.

பொறுப்பு யாருக்கு? 2016 அபாயக் கழிவு விதிகள் இடத்தைக் கையில் வைத்திருப்பவரைப் பிடிக்கின்றன. 2025 ஜூலையில் வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளில், சுத்தம் செய்யும் செலவு வாரியம் பொறுப்பாளியாக அடையாளம் காண்பவரைச் சேரும். பத்திரத்தில் ‘விற்பவரே ஈடு செய்வார்’ என்ற வரி உங்கள் இருவரையும்தான் கட்டும், வாரியத்தைக் கட்டாது. விற்பவர் கம்பெனியைக் கலைத்துவிட்டால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை.

அதனால் கிரயத் தொகையில் ஒரு பகுதியை வங்கியில் மூன்றாம் தரப்புக் கணக்கில் நிறுத்தச் சொன்னோம். பதிவுக்கு முந்தைய வாரம் எடுத்த போர்வெல் அறிக்கையைப் பத்திரத்தோடு இணைத்தோம். பின்னால் கறை வந்தால் எது பழையது என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும். நிறுத்திய பணத்தை விடுவிக்கும் தேதியை வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர்மட்டம் ஏறிய பின் எடுக்கும் மாதிரியோடு கட்டுங்கள். கோடையில் எடுத்தது சுத்தமாகவே காட்டலாம்.