பினாங்கு வெயிலுக்கு ஜாதிக்காய் ஹைபால்: இதுவரை நிலைத்த அளவுகள்

பினாங்கில் பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறை 31, 32 டிகிரியில் இருக்கும். குளிர்நாட்டுக் குறிப்பின் அளவை அப்படியே எடுத்து ஹைபால் (மதுவோடு சோடாவும் ஐஸும் சேர்ந்த பானம்) கலந்தால் முதல் நாலு மிடறு நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு சப்பென்று ஆகிவிடும். கெடுப்பது உருகும் ஐஸ். பழம், பாகு, ஜின் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

கடையில் பையில் விற்கும் குழாய் ஐஸின் நடுவில் ஓட்டை இருப்பதால் காற்றும் நீரும் படும் பரப்பு அதிகம், சீக்கிரம் உருகும். வீடு வந்து சேர்வதற்குள் மேலே ஈரம் கோத்திருக்கும். ஷேக்கருக்குள் அந்த ஈரம் அப்படியே கூடுதல் தண்ணீர். தட்டில் பரப்பி ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் குலுக்குவதற்குப் போதும். கிளாஸில் போடப் பெரிய கட்டிதான் வேண்டும். ஃபிரீசருக்குள் நுழையும் அளவுக்குச் சின்னக் கூலர் பெட்டியில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் வையுங்கள். பக்கங்களிலும் அடியிலும் குளிர் ஏறாததால் மேலிருந்து கீழாக மட்டும் உறையும். கரைந்திருக்கும் காற்று அடியை நோக்கித் தள்ளப்படும். 18 முதல் 20 மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். முழுக்க உறைய விட்டால் அடிப்பகுதி வெளுப்பதோடு பெட்டியும் விரிசல் விடும். எடுத்தவுடன் வெட்டினால் கட்டி தாறுமாறாக நொறுங்கும். மேலே படிந்த வெண்பனி மறையும்வரை பத்து நிமிடம் விட்டு, பிறகு பல்லுள்ள ரொட்டிக் கத்தியால் கோடு கீறி, கத்தியின் முதுகில் தட்டினால் நேராகப் பிளக்கும்.

சோடாவும் கிளாஸும் குளிர்ந்திருப்பது இதே அளவுக்கு முக்கியம். 4 டிகிரியில் தண்ணீரில் கரையும் கரியமில வாயுவில் பாதிகூட 30 டிகிரியில் கரையாது. அலமாரியில் நின்ற சோடாவை ஐஸ் மேல் ஊற்றினால் நுரைத்து, வாயுவெல்லாம் காற்றோடு போய்விடும். முதல் நாளே குளிர்பெட்டியில் வைத்த சிறிய டின்னாக இருந்தால் நல்லது. பெரிய போத்தல் ஒருமுறை திறந்ததுமே வலுவிழக்கத் தொடங்கும்.

புளிப்புக்கு லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன நாரத்தை வகைப் பழம். இதன் மணம் எலுமிச்சையில் கிடையாது. தனியாக ஊற்றினால் ஜின்னுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மெலிந்து நிற்கிறது என்பதால், 15 மில்லி கஸ்தூரிச் சாறுக்கு 5 மில்லி எலுமிச்சைச் சாறு சேர்ப்பதில் நின்றிருக்கிறோம். 15 மில்லிக்கு மூன்று நான்கு பழம் பிடிக்கும். வடிகட்டியின் மேல் வைத்துக் கையால் பிழியுங்கள். விதையோடு சேர்த்து மத்தால் நசுக்கினால் கசப்பு இறங்கும், பாகு எவ்வளவு ஊற்றினாலும் அது மறையாது. பிழிந்த சாறு அன்றைக்கே தீர வேண்டும்.

இனி ஜாதிக்காய். பாலிக் புலாவ் பக்கம் விளையும் காயின் சதைதான் இந்தப் பானத்தின் உயிர். ஐஸ் போட்ட ஜாதிக்காய்த் தண்ணீர் பினாங்குக் கடைகளில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் கிடைப்பது தெரிந்ததுதான். வெள்ளை பச்சைக் காயின் சாறு, பழுப்பு காய்ச்சி எடுத்தது. பாகுக்கு இரண்டு வழியையும் செய்து பார்த்தாயிற்று.

காய்ச்சும் முறை: தோல் சீவி, கொட்டையும் ஜாதிபத்திரியும் நீக்கிய சதை 300 கிராம், சர்க்கரை 300 கிராம், தண்ணீர் 300 மில்லி. சிறு தீயில் 20 நிமிடம், பிறகு அப்படியே ஆறவிட்டு வடிகட்டல். கிராம்பை நினைவூட்டும் ஆழமான மணம் வருகிறது. தீயைக் கூட்டினாலோ நேரத்தை நீட்டினாலோ நிறம் கருத்து, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு ஏறுகிறது.

காய்ச்சாத முறை: சதையைத் துருவிய கையோடு 10 மில்லி எலுமிச்சைச் சாறு பிசிற வேண்டும், தாமதித்தால் காற்றுப் பட்டுப் பழுப்பேறும். அதே எடைக்குச் சர்க்கரை சேர்த்து, மூடி, குளிர்பெட்டியில் 12 மணி நேரம். சர்க்கரையே சாற்றை இழுத்துவிடும். மெல்லிய துணியில் பிழிந்தால் காரமும் பச்சை மணமும் உள்ள பாகு கிடைக்கும். சோடா சேரும் பானத்துக்கு இதுவே சிறந்தது என்பதில் இப்போது சந்தேகமில்லை. காய்ச்சியது குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும், இது நாலைந்து நாள்தான். சௌரஸ்தா சந்தையில் விற்கும் ஊறவைத்த ஜாதிக்காய் இதற்கு உதவாது. இனிப்பும் உப்பும் ஏற்கெனவே ஏறியிருக்கும். அழகுக்கு ஒரு துண்டு குச்சியில் குத்தி வைக்கலாம். கொட்டையைத் துருவுவதென்றால் மேலே ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். கொட்டை அளவு மீறினால் உடம்புக்குக் கெடுதி.

கலக்கும் அளவு: ஜின் 45 மில்லி, மேலே சொன்ன புளிப்பு 20, காய்ச்சாத பாகு 25, சோடா 90. சோடா தவிர மற்றவற்றை எட்டு விநாடி மட்டும் குலுக்க வேண்டும். சோடா சேரப்போகும் கலவையைப் பன்னிரண்டு, பதினைந்து விநாடி குலுக்கினால் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் ஏறிவிடும். சமையல் தராசு இருந்தால் குலுக்குவதற்கு முன்னும் வடித்த பின்னும் எடை பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் ஐஸ் ஈரமாக இருந்திருக்கிறது. கிளாஸில் ஓர் 'அசாம் போய்' (உப்பிட்டு உலர்த்திய பிளம்) போட்டு, பெரிய கட்டி வைத்து, கலவையை வடித்து, சோடாவைக் கிளாஸின் ஓரமாக இறக்கி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒருமுறை தூக்கிவிட்டால் போதும். அசாம் போயின் உப்பு மெல்ல மெல்ல இறங்குவதால் பானம் நீர்க்கும் நேரத்தில் சுவை தூக்கலாகவே இருக்கும். இந்த ஒன்றுக்காகவே அதைச் சேர்க்கலாம். தனி உப்பு வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கு ஜின்னை எடுத்துவிட்டு வெறும் சோடாவைக் கூட்டினால் தட்டையாக இருக்கிறது. பாகு 30, புளிப்பு 25, இஞ்சிச் சாறு 5, டானிக் வாட்டர் 120 என்றால் ஜின் விட்ட இடத்தைக் கசப்பும் காரமும் நிரப்பும். வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கு இதையே கொடுங்கள்.

காய்ச்சிய பாகு வீணாகவில்லை, ஜங்கிள் பேர்டு என்ற ரம் காக்டெயிலுக்குள் போகிறது. 1970களில் கோலாலம்பூர் ஹில்டனின் ஏவியரி பாரில் பிறந்த பானம் அது. 1989இல் அச்சான குறிப்பில் அன்னாசிச் சாறு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 120 மில்லி. பின்னால் வந்தவர்கள் அதை 45க்குக் குறைத்தார்கள். நம் வெயிலுக்கு 60 பொருந்துகிறது: கருப்பு ரம் 45, கம்பாரி (கசப்பான இத்தாலிய மது) 20, அன்னாசி 60, எலுமிச்சை 15, ஜாதிக்காய்ப் பாகு 10. இதில் சோடா இல்லாததால் நன்றாகப் பன்னிரண்டு விநாடி குலுக்கலாம். மோரிஸ் அன்னாசியின் புளிப்புக்குத்தான் இந்த அளவு. இனிப்பு கூடிய எம்டி2 வகை அன்னாசி என்றால் பாகை 5 ஆக்குங்கள், இல்லாவிட்டால் கம்பாரியின் கசப்பு அமுங்கிப் பழரசமாகிவிடும். சாறு அப்போதே பிழிந்ததாக இருந்தால் நுரை தடிமனாக நிற்கும், டின் சாற்றில் அந்த நுரை வராது.

அடுத்து புங்கா காந்தான், அதாவது இஞ்சிக் குடும்பத்துச் செடியொன்றின் மணமுள்ள பூமொட்டு. மொட்டை மெல்லியதாக அரிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாகில் ஊறவைத்தால், புளிப்புப் பட்டதும் இளஞ்சிவப்பு தெளிந்து வருகிறது. மணம்தான் இன்னும் அடங்கவில்லை. ஒரு மொட்டுக்கு 200 மில்லி பாகு, 15 நிமிட ஊறல் என்பதிலிருந்து மொட்டைப் பாதியாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 15 நிமிடத்தைத் தாண்டி ஊறினால் லக்சா (இந்த மொட்டு சேரும் நூடுல்ஸ் சூப்) வாசம் தலைதூக்கிவிடுகிறது.